கண்டி பார்க்க வந்தவர்கள்

வான் வண்டியில் யார் எங்கே இருப்பது என்பதை இராஜரத்தினம் முதல் நாள் மாலையே தீர்மானித்துவிட்டார். முன்னால், சாரதிக்குப் பக்கத்தில் அவர். நடு வரிசையில் விருந்தாளிகளான தமக்கையும் தம்பியும். கடைசி வரிசையில், சாப்பாட்டுப் பாசல்களோடும் தண்ணீர்ப் போத்தல்களோடும் அவருடைய மகள் வதனரூபி. நோர்வேயிலிருந்து வந்த யோகேந்திரனுக்குப் பின்னால் இருப்பவளைப் பார்க்க வேண்டுமென்றால் கழுத்தைத் திருப்ப வேண்டும். திருப்பினால் வானில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும்.

பெண் பார்க்கும் படலம் என்று அதற்குப் பெயர் வைக்க அவர் விடவில்லை. சம்பந்தம் பேசிய தியாகராஜா மாஸ்டரே அந்த வழியைக் கண்டுபிடித்தவர். "கண்டி பாக்க வந்தவை. நீங்கள் காட்டுறியள். அவ்வளவுதான். சரிவந்தாச் சரி. வராட்டி, ஒரு நாள் ஊர் சுத்தினதோட முடிஞ்சுது. ஆரும் ஆரையும் வேண்டாமெண்டு சொன்னதா வராது." இராஜரத்தினம் அதற்கு மேல் மூன்று நிபந்தனை போட்டார். பயணத்தில் அந்தக் கதை எடுக்கக்கூடாது. மறுமொழி ஒரு கிழமைக்குள் மாஸ்டர் மூலமாகத்தான் வரவேண்டும். பிள்ளையைப் படம் எடுக்கக்கூடாது.

மூன்றாவது நிபந்தனையைக் கேட்டு மாஸ்டர் சிரித்தார். இராஜரத்தினம் சிரிக்கவில்லை. எண்பத்து மூன்று கலவரத்தில் வீட்டுக்கு நெருப்பு வைத்தபோது படங்கள் முழுவதும் போயின. பதினெட்டு வயது வரைக்கும் வதனரூபி எப்படி இருந்தாள் என்பதற்கு இன்று சாட்சி அவருடைய ஞாபகம் மட்டும்தான். பிறகு எடுத்த ஒரு நல்ல படத்தை எட்டு வருஷத்துக்கு முன் கொழும்பில் ஒரு மாப்பிள்ளை பகுதிக்குக் கொடுத்தார்கள். அவர்கள் வீடு தேடி வந்து, மூன்று வகைப் பலகாரம் சாப்பிட்டு, போய் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். மறுமொழி வரவில்லை. படமும் வரவில்லை. ஆறு மாதம் கழித்து, அங்கே வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில், வெளிநாட்டுக்குப் போகக் காத்திருந்த பொடியன்கள் அதைக் கைமாற்றிப் பார்த்துக்கொண்டிருந்ததாக ஒருவர் வந்து சொன்னார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. மனைவி அப்போது உயிரோடு இருந்தாள். அவளும் சாப்பிடவில்லை.

இப்போது மகளுக்கு முப்பத்து மூன்று.

காலையில் பேராதனைப் பூந்தோட்டம். புத்தரின் பல் இருக்கிற மாளிகையில் குண்டு வெடித்து மூன்றாம் மாதம் அது. அந்தப் பக்கத் தெருக்களை அடைத்திருந்தபடியால் குளக்கரையிலிருந்தே கையை நீட்டிக் காட்டிவிட்டு வந்திருந்தார். பூந்தோட்டத்தில் கூட்டமே இல்லை. யோகேந்திரன் பதினாலு வருஷத்துக்குப் பிறகு நாட்டுக்கு வந்தவன். கழுத்தில் கமராவைத் தொங்கப்போட்டுக்கொண்டு, வெள்ளைக்காரனைப் போல மூங்கிலைப் படம் எடுத்தான், வௌவாலைப் படம் எடுத்தான், தண்ணீர்க் குழாயைக்கூட எடுத்தான். பெண்ணின் பக்கம் கமராவைத் திருப்பவேயில்லை. சொன்ன சொல்லுக்குக் கட்டுப்படுகிறவன் என்று இராஜரத்தினம் மனதுக்குள் ஒரு புள்ளி போட்டுக்கொண்டார்.

"இவனுக்கு அங்க பனியைத் தவிர வேற ஒண்டும் தெரியாது அண்ணை" என்றாள் தமக்கை இராசமணி. "மரத்தைக் கண்டாலும் வாயைப் பிளக்கிறான்."

"அக்கா, அங்கயும் மரம் இருக்கு."

"இலை இருக்கோ?" என்று பின்னாலிருந்து வதனரூபியின் குரல் கேட்டது.

யோகேந்திரன் சிரித்துவிட்டான். இராஜரத்தினம் திரும்பிப் பார்த்தார். அவள் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு, கட்டுகஸ்தோட்டையில் யானை குளிப்பதைப் பார்க்காமல் கண்டிப் பயணமா என்று, எல்லாரும் நானா என்று கூப்பிடுகிற சாரதி சாஹுல் ஹமீது பிடிவாதம் பிடித்தான். "வெள்ளக்காரன் வாறது நின்ட பொறகு அந்த யானைகளப் பாக்க ஆளே இல்ல ஐயா. நம்மளப் பாத்தா அதுகளுக்கும் சந்தோஷமா ஈக்கும்." வான் ஆற்றங்கரையில் நின்றபோது யானைகள் இன்னும் வரவில்லை. மகாவலி மண்ணிறமாகப் போய்க்கொண்டிருந்தது. மேலே பாலம். பாலத்தின் முனையில் மணல்மூட்டை அடுக்கிய காவலரண்.

வதனரூபி கை கழுவ நீரோரம் இறங்கினாள். கழுவி முடித்து, ஈரக் கையால் நெற்றி மயிரை ஒதுக்கிக்கொண்டு நிமிர்ந்தாள். "பாலம் வடிவா இருக்கு" என்று யாருக்கோ சொல்லிவிட்டு யோகேந்திரன் கமராவைத் தூக்கினான்.

லென்ஸ் எங்கே பார்க்கிறது என்பது இராஜரத்தினத்துக்குத் தெரிந்தது. அவர் ஒரு அடி எடுத்து வைத்தார். "தம்பி" என்று வாய் திறக்குமுன் மேலேயிருந்து விசில் அடித்தது.

மூன்று ஆமிக்காரர்கள் இறங்கி வந்தார்கள். முன்னால் வந்தவன் சார்ஜன். நாற்பது வயதிருக்கும், நித்திரையில்லாத கண். என்னத்தைப் படம் எடுத்தாய் என்று சிங்களத்தில் கேட்டான். யோகேந்திரனுக்குச் சிங்களம் மறந்துபோயிருந்தது. ஆனால் கேள்வி விளங்கியது. ஒரு கணம் அவன் இராஜரத்தினத்தின் முகத்தைப் பார்த்தான். பிறகு பாலத்தைக் கையால் காட்டி, அதைத்தான், அதை மட்டும்தான் என்று இங்கிலிசில் சொன்னான்.

இந்த விசரன் என் சொல்லைக் காப்பாற்றுகிறான், என்று இராஜரத்தினம் நினைத்தார். பிள்ளையை எடுக்கக்கூடாது என்று நான் சொன்னதற்காக, ஒரு தமிழன் இந்த நாளில் சொல்லவே கூடாத ஒன்றைச் சொல்கிறான்.

சார்ஜன் பாஸ்போட் கேட்டான். அது களவு போய்விடும் என்ற பயத்தில் வெள்ளவத்தையில், தமக்கையின் அலுமாரியில் பூட்டியிருந்தது. பிறந்த இடம் கேட்டான். யாழ்ப்பாணத்து வேலணை என்றான். ஒருவன் கமராவைக் கழற்றினான். மற்றவன் அவனுடைய முழங்கையைப் பிடித்து மேலே நடத்தத் தொடங்கினான். இராசமணி, "ஐயோ, அவன் சுத்திப்பாக்க வந்தவன்" என்று தமிழில் அழுதாள். சாஹுல் ஹமீது வானை விட்டு இறங்கி, இரண்டு கையையும் தெரியும்படி வைத்துக்கொண்டு நின்றான். இப்படி மேலே ஏற்றிக்கொண்டு போன பிள்ளைகளில் திரும்பி வராத இரண்டு பேரின் தகப்பன்மாரை இராஜரத்தினத்துக்குத் தெரியும். செத்தவீடும் செய்ய முடியாமல் இருக்கிறவர்கள்.

"மாத்தயா" என்று மரியாதையாகக் கூப்பிட்டது வதனரூபி.

தான் வேலை செய்கிற தபால் கந்தோரில், வரிசையில் நிற்கிற சனத்தோடு பேசுகிற அதே நிதானமான சிங்களத்தில் அவள் சொன்னாள்: "அவர் எடுத்தது பாலத்தை இல்லை. என்னை. எனக்குப் பேசியிருக்கிறவர் அவர். கலியாணத்துக்கு முன்னம் படம் எடுக்கக்கூடாதெண்டு அப்பா சொல்லியிருக்கிறார். அப்பாவுக்குப் பயந்துதான் பாலம் எண்டு சொல்லுறார்."

பின்னால் நின்ற இளம் ஆமிக்காரன் சிரித்துவிட்டான். சார்ஜன் சிரிக்கவில்லை. பெண்ணைப் பார்த்தான், பிறகு கிழவரைப் பார்த்தான். "உண்மையா?"

இராஜரத்தினம் கோட்டுப் பொத்தானைப் பிடித்தபடி நின்றார். அரசாங்க உத்தியோகத்தில், சிங்களப் பரீட்சைக்கு இருக்கமாட்டேன் என்று சொல்லி, சம்பள உயர்வை நிற்பாட்டியபோதும் அசையாமல், சேர்ந்த கதிரையிலேயே இருந்து ஓய்வு பெற்ற மனிதர் அவர். கண்டியில் நாற்பது வருஷம் இருந்தும் அந்த மொழியை வாயில் எடுத்ததில்லை. கடையில்கூட விரலால் காட்டித்தான் வாங்குவார். அதைவிட இது பெரிது. பெண் பகுதி தானாக வாய்விட்டுக் கேட்டது, தகப்பன் ஆமிக்காரனுக்கு முன்னால் மாப்பிள்ளையென்று சத்தியம் பண்ணினான் என்று நாளைக்கு வெள்ளவத்தை முழுக்கச் சொல்லலாம். அப்படிச் சொன்னபிறகு அவர்கள் வேண்டாமென்றால், அவள் வேண்டாமென்று விடப்பட்டவள். மூடிமறைக்க ஒரு மாஸ்டரும் இல்லை.

"உண்மை" என்று சிங்களத்தில் சொன்னார். "என்னுடைய மருமகனாக வரப்போகிறவர்."

பிழையில்லாமல் வந்தது. வதனரூபி தகப்பனை நிமிர்ந்து பார்த்தாள்.

"கலியாணம் எப்ப?"

"இன்னும் நாள் வைக்கேல்லை. ஆவணிக்குப் பிறகு நல்ல முகூர்த்தம் இருக்கெண்டு சொல்லுகினம்" என்றார் இராஜரத்தினம்.

முகூர்த்தம் என்றதும் சார்ஜனின் முகம் கொஞ்சம் இளகியது. அவனுடைய வீட்டிலும் யாருக்கோ நாள் பார்த்துக்கொண்டிருந்தார்களோ என்னவோ. கமராவைத் திறந்து, பிலிம் சுருளை முழுநீளத்துக்கும் வெயிலில் இழுத்தெடுத்தான். மூங்கில், வௌவால், தண்ணீர்க் குழாய், அவள், எல்லாம் போயிற்று. சுருளை வதனரூபியின் கையில் போட்டான். "யானை வந்ததும் யானையோட நிண்டு எடுங்க. இந்தப் பக்கம் திருப்ப வேண்டாம்" என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப்போனான்.

வானுக்குத் திரும்பியபோது யோகேந்திரன் எந்த இடம் என்று பார்க்கவில்லை. கையில் அகப்பட்ட முதல் கதவைப் பிடித்து ஏறிக் கடைசி வரிசையில் போய் இருந்தான். வதனரூபி அவனுக்குப் பக்கத்தில் ஏறினாள், நடுவில் தண்ணீர்ப் போத்தல்கள். யாரும் இடம் மாறச் சொல்லவில்லை.

"தம்பி, பாலம்னு சொன்னீங்களே!" சாஹுல் ஹமீதுவுக்கு இன்னும் மூச்சு வாங்கியது. "யானைன்னு சொல்லியிருக்கலாமே!"

"யானை வரேல்லையே நானா" என்றாள் வதனரூபி.

சிரிப்பு யாருக்கும் முழுதாக வரவில்லை. வான் கடைத்தெருவுக்கு ஏறியதும் இராஜரத்தினம் திரும்பாமலே இராசமணியிடம் பேசினார். "தங்கச்சி, நான் அங்க சொன்னது ஆமிக்காரனுக்குச் சொன்னது. அது உங்களைக் கட்டாது. முன்னம் பேசினபடி மாஸ்டரிட்ட மறுமொழி சொல்லுங்கோ. எதெண்டாலும் நான் இந்தக் கதையை வாயில எடுக்கமாட்டன்."

இராசமணி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "என்ர தம்பியைத் திருப்பித் தந்திருக்கிறியள். இப்ப என்னத்தை அண்ணை நான் பேச?"

"அது வேற. இது வேற."

"ஐயா" என்றான் யோகேந்திரன். "உங்கட சொல்லை மீறிப்போட்டன். அது பிழை."

"பிழைதான்" என்றார் இராஜரத்தினம். கொஞ்சத் தூரம் போனபிறகு, "பேந்து ஏன் அதைக் காப்பாத்தப் போனனீர்?" என்று கேட்டார்.

சாரதிக்கு மேலே இருந்த சிறு கண்ணாடியில் பார்த்தார். மகள் மடியில் கிடந்த பிலிமை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். கருப்பாகப் பளபளத்தது. அதில் ஒன்றும் இல்லையென்று தெரிந்தும் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்தவனிடம் நீட்டினாள். அவனும் பார்த்தான்.

"நிப்பாட்டும்" என்றார் இராஜரத்தினம்.

படக்கடை ஒன்றுக்கு முன்னால் வான் நின்றது. தானே இறங்கிப் போனார். கண்ணாடிக்கு உள்ளே இருந்ததை விரலால் காட்டவில்லை. கடைக்காரச் சிங்களவனிடம் வாயைத் திறந்து கேட்டு வாங்கினார். பிலிம் இருந்த சிறு மஞ்சள் பெட்டியைக் கொண்டுவந்து ஜன்னல் வழியாக யோகேந்திரனிடம் கொடுத்தார். முன் கதவைத் திறந்து ஏறி, கோட்டைச் சரிசெய்துகொண்டார்.

"யானை பாக்கவெண்டு வந்தனாங்கள். பாக்காமல் போறதோ? திருப்பும்."

யானைகள் இப்போது வந்திருந்தன. ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து படுத்திருக்க, பாகன் தேங்காய்ப் பொச்சால் அதன் முதுகைத் தேய்த்தான். வதனரூபி செருப்பைக் கழற்றிவிட்டுக் கணுக்கால் தண்ணீரில் நின்றாள். யோகேந்திரன் கமராவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றான். தூக்கவில்லை. கிழவரைப் பார்த்தான்.

இராஜரத்தினம் அவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பாலத்தையும் காவலரணையும் நேராகப் பார்த்தபடி நின்றார். மேலே இளம் ஆமிக்காரன் மணல்மூட்டையில் முழங்கையை ஊன்றி இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தான். பின்னாலிருந்து பாகன் தண்ணீரை அள்ளி ஊற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவர் திரும்பவில்லை. கமரா அடிக்கிற சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார்.