பால் குழாயில் ஒரு ஜாயின்ட்

ஆர்கான் கேஸ் வைத்து ஸ்டீல் குழாய்களை ஒட்டும் வெல்டர், மெஷினின் கால் பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் டார்ச் முனையில் நெருப்பு அணையவில்லை. ஒன்பது வருடம் அணையவில்லை. சுவிட்சை நிறுத்தினார்கள், கேஸ் சிலிண்டரை மூடினார்கள், கடைசியில் கேபிளையே அறுத்தார்கள். அரிசியளவு நீல நெருப்பு அதன் பாட்டுக்கு எரிந்தது. "கரண்ட் இல்லாமலே எரியுதா? அப்ப விடுய்யா, எரியட்டும்!" என்ற பட்டறை முதலாளி, ஊரிலுள்ள ஸ்டீல் வேலை அத்தனையையும் இழுத்துப் போட்டுக்கொண்டார். கீழே வைத்தால் மேசையைத் துளைத்துக்கொண்டு இறங்கியதால், வெல்டர் டார்ச்சை வீட்டுக்கும் தூக்கிப் போனார். மனைவி வெல்டிங் முகமூடியை மாட்டிக்கொண்டு தூங்கப் பழகினாள். தெருக்காரர்களுக்கெல்லாம் அந்த வீட்டைப் பார்த்த கன்னம் மட்டும் கறுத்தது. வெல்டரும் முகமூடி மாட்டிப் பார்த்தார். அவருக்கு இமைக்குள்ளேயே எரிந்தது, தூக்கம் வரவில்லை. கண்ணுக்குக் கீழே தொங்கிய பை எட்டாம் வருடம் சட்டைப் பாக்கெட்டைத் தொட, பேனாவை எதில் சொருகுவதென்று தடுமாறினார்.

மனைவிதான் ஒருநாள் முகமூடியைத் தூக்கிவிட்டுக் கேட்டாள். "உண்மையச் சொல்லுங்க. எங்க சொதப்புனீங்க?"

"நெருப்பு அணையாமப் போன அன்னிக்கு, பால் ஃபாக்டரி குழாய்ல, கடைசி ஜாயின்ட். அசதியா இருந்துச்சு. உள்பக்கம் கருகாம இருக்க குழாய்க்குள்ள ஆர்கான் கேஸ் நிரப்பணும், அத நிரப்பாமலே வெளிய மட்டும் வெல்டிங்க ஓட்டிட்டேன்."

"வெளிய எப்படி இருக்கு?"

"தங்கம் மாதிரி."

"உள்ள?"

"கருகின சர்க்கரைப் பாகு மாதிரி."

"அப்புறம் அதுக்கு எப்படிங்க தூக்கம் வரும்?" என்றாள், சுவர் ஆணியில் தொங்கிய டார்ச்சின் நெருப்பைக் காட்டி.

ஃபாக்டரிக்கு விடுமுறை வந்த அன்று இருவரும் போனார்கள். வெல்டர் அந்த ஜாயின்டை அறுத்தெடுத்து, உட்புறக் கருகலைத் தேய்த்துச் சுத்தம் செய்து, குழாயின் இரு வாயையும் டேப்பால் அடைத்தார். "காத்தெல்லாம் வெளிய போகட்டும், அவசரப்படுத்தாத," என்றார். "நானா அவசரப்பட்டேன்?" என்று கேட்டுக்கொண்டே அவள் ஆர்கான் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெல்டர் அதே நெருப்பால் ஜாயின்டைச் சுற்றி ஒட்டிக்கொண்டே போனார்; வட்டம் முழுதாகச் சேர்ந்ததும் நெருப்பு தானாக அணைந்தது. ஜாயின்ட் ஆறும்வரை கையை எடுக்கக் கூடாது என்பது தொழில் முறை என்பதால், வெல்டர் டார்ச்சை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். நின்றபடியே தூங்கிப்போனார்.

மறுநாள் வந்த வேலையாட்கள் அவரை எழுப்பாமல், யாரும் இடிக்காதபடி சுற்றிலும் தடுப்புக் கயிறு கட்டிவிட்டுக் குழாயில் பாலைத் திறந்துவிட்டார்கள். நான்காவது வருடமாக ஓடுகிறது, ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. வாரம் ஒருமுறை மனைவி வந்து, அவருக்குச் சவரம் செய்துவிட்டு, சட்டையை மாற்றிவிட்டுப் போகிறாள்.