அந்தரக் கப்பல் ஓடும் நேரம்

சுலோச்சனா தன் மோதிரத்தைக் கல்லில் உரசிப் பாலில் கலந்து, ஒரு ஸ்பூன் எடுத்து அப்பாவின் வாயில் விட்டாள். பால் உள்ளே போகவில்லை. கடைவாயில் வழிந்து தலையணையை நனைத்தது.

"தங்கத்து மேலயும் ஆச இல்ல போலக்குது," என்றாள் எதிர்வீட்டு ஜெயம்மாள். இழுத்துக்கொண்டு கிடக்கிற உயிருக்கு எந்த ஆசை பாக்கி என்று கண்டுபிடித்து, அதைக் கரைத்து ஊற்றி அனுப்பி வைப்பதில் திருத்தணியில் அந்தத் தெருவுக்கே அவள்தான் அதாரிட்டி. முந்தின நாள் அவள் சொல்லித்தான் சுலோச்சனாவின் தம்பி குமரவேல் ஆர்.கே.பேட்டைக்கு ஓடினான். அப்பா சிங்காரம் காலமெல்லாம் விசைத்தறி ஓட்டிய கொட்டகை வாசலில் ஒரு பிடி மண் எடுத்துவந்து கரைத்து ஊற்றினான். மண்ணுக்கும் உயிர் மசியவில்லை.

பக்கவாதம் வந்து, இனி செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் கையை விரித்த பிறகு, ஹாலில் கட்டில் போட்டுக் கிடத்தியிருந்தார்கள். பேச்சு நின்றுவிட்டது. இன்று காலையிலிருந்து வலது கை மட்டும் மெல்ல எழும்பி, ஒரு விரலால் எதிர்ச் சுவரைக் காட்டிவிட்டு விழுந்தது. சுவரில் மேலே முருகன் படம், அதற்குக் கீழே டிவி.

"நைனா முருகனத்தான் காட்டுது," என்று சுலோச்சனா தன் வீட்டுக்காரரை மலைக்கு விரட்டினாள். அவரும் மூச்சு வாங்கப் படியேறி விபூதி வாங்கிவந்தார். நெற்றி நிறையப் பூசினார்கள். விபூதி உதிர, விரல் மறுபடி எழும்பியது.

சமையலறை வாசலில் நின்றிருந்த மருமகள் ஹேமாவதி கடிகாரத்தைப் பார்த்தாள். இன்று ஞாயிற்றுக்கிழமை. மாமா எதைக் காட்டுகிறார் என்று அந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை.

கே.ஜி.கண்டிகையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள் அவள். மாமியார் இல்லாத வீடு. குமரவேல் நல்லவன்தான், ஆனால் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருப்பவன். பேச்சுத்துணைக்கு ஏங்கியவளுக்கு வாய்த்தது அந்தரக் கப்பல். டிவியில் வரும் வெளிநாட்டுத் தொடர், தமிழில் பேசவைத்து ஞாயிறுதோறும் போடுவார்கள். மாமாவும் அவளும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். கேப்டனே எத்தனையோ பேர் மாறியாயிற்று, கப்பல் மட்டும் நட்சத்திரம் நட்சத்திரமாக அலைந்துகொண்டே இருந்தது. "இம்மாம் பெரிய மெஷினு, ஒரு சொட்டு எண்ணெ வுடறானா பாரு," என்று தறிக்காரரான சிங்காரம் கப்பலைத் திட்டுவார். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

போன பொங்கலுக்கு வந்த சுலோச்சனா அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டாள். "மாமனாருக்கும் மருமவளுக்கும் ஒண்ணா ஒக்காந்து இன்னாடி கொம்மாளம்? நாலு பேரு பாத்தா இன்னா சொல்வாங்க?"

அன்றோடு ஹேமாவதி அந்த நேரத்தில் ஹால் பக்கம் தலைகாட்டவில்லை. அடுத்த ஞாயிறு சிங்காரம் டிவி சத்தத்தைச் சமையலறைக்குக் கேட்கிற மாதிரி ஏற்றி வைத்தார். முடிந்ததும் தண்ணீர் குடிக்க வந்து, "டாக்டரம்மாவ அந்த ஊருல வுட்டுட்டுப் பூட்டானுங்கம்மா," என்றார்.

"அய்யய்யோ, அப்புறம் மாமா?" என்றாள், எல்லாவற்றையும் காதால் கேட்டு முடித்திருந்தவள்.

கேட்டிருப்பாள் என்று அவருக்கும் தெரியும். இருந்தாலும் முதலிலிருந்து கதை சொன்னார். ஆளில்லாத ஒரு கிரகத்தில் கப்பலின் டாக்டரம்மா தன்னந்தனியாக மாட்டிக்கொண்டதும், கப்பல் அவளைத் தேடி அலைந்ததுமாகவே வருஷம் முழுக்க ஓடியது. ஹேமாவதியும் தண்ணீர்ச் சொம்பும் கையுமாக நின்று கேட்டாள். "வுட்டுட்டுலாம் போவ மாட்டாங்க, நீ பாரேன்," என்பார் ஒவ்வொரு வாரமும். கப்பல் திரும்பி வந்து டாக்டரம்மாவை ஏற்றிக்கொள்கிறதா என்பது இன்றைக்குத் தெரிந்துவிடும். அத்தோடு இந்த வருஷத்துக் கதை முடிகிறது.

விரல் எழும்பி விழுந்தது. இந்த முறை பாதி உயரம்கூட வரவில்லை.

"அவரு பொண்டாட்டி பொடவ எதுனா கீதா பாருங்க," என்றாள் ஜெயம்மாள்.

ஹேமாவதி ஹாலுக்குள் வந்து ரிமோட்டை எடுத்து டிவியைப் போட்டாள்.

"ஏய், உனுக்கு புத்தி கெட்டுப்போச்சா?" சுலோச்சனா எழுந்துவிட்டாள். "உயிரு போற வூட்ல இன்னா பண்ணிகினு கீற?"

"இதுக்குத்தான் அண்ணி போவாம இருக்காரு," என்றாள் ஹேமாவதி. ரிமோட்டை விடவில்லை. "முருகன் இல்ல. இதத்தான் கேக்குறாரு."

சுலோச்சனா ரிமோட்டைப் பிடுங்க வந்தாள். வாசல்படியில் உட்கார்ந்திருந்த குமரவேல் தலையைத் திருப்பாமல், "வுடுக்கா, அவளுக்குத் தெரியும்," என்றான். அவன் அக்காவை எதிர்த்துப் பேசி அந்த வீடு பார்த்ததில்லை. சுலோச்சனா நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

டிவியில் கப்பல் வந்தது. சிங்காரத்தின் கை இறங்கிப் போர்வை மேல் அமர்ந்தது, மறுபடி எழும்பவில்லை. எல்லாரும் அதைப் பார்த்தார்கள். சுலோச்சனா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

ஹேமாவதி கட்டிலை ஒட்டி உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யாருடி அது, தலையில குண்டான் கவுத்துகினு?" என்றாள் ஜெயம்மாள்.

"டாக்டரம்மா, பெரிம்மா. காத்து தீந்துபோச்சின்னா செத்துடுவாங்க."

"அடிப்பாவி! தனியாவா வுட்டானுங்க?"

ஹேமாவதி சொல்லச் சொல்ல, ஜெயம்மாள் "ஐயோ" என்றாள், "நாசமாப் போறவன்" என்றாள். விபூதி வாங்கிவந்த மருமகன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். டாக்டரம்மா மணல்மேட்டில் ஏறிக் கையை ஆட்டுகிற நேரத்தில் சோப்பு விளம்பரம் போட்டார்கள். "த்சு" என்று நாலைந்து பேர் ஒன்றாகச் சலித்துக்கொண்டார்கள்.

ஹேமாவதி பிடித்திருந்த கை கனத்தது. திரும்பிப் பார்த்தாள். பாதி திறந்த கண்கள் டிவி பக்கமே இருந்தன. மார்பின் மேல் போர்வை ஏறி இறங்கவில்லை. காத்திருந்து பார்த்தாள், அப்போதும் இல்லை.

அவளுக்கு அலறவேண்டும்போல் இருந்தது. வாயைத் திறந்தால் டிவியை அணைத்துவிடுவார்கள். கப்பல் இன்னும் தரையிறங்கவில்லை.

விளம்பரம் முடிந்தது. மணல் பறக்கக் கப்பல் இறங்கியது.

"வந்துட்டானுங்க, வந்துட்டானுங்க!" ஜெயம்மாள் தொடையில் தட்டினாள். சுலோச்சனா மூக்கை உறிஞ்சியபடி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள், "நைனா பாக்குதாடி?"

ஹேமாவதி போர்வையை அவர் மார்பு வரை இழுத்துவிட்டாள்.

"ஆங், பாத்துகினு இருக்காரு அண்ணி," என்றாள். பிறகு அவர் காதருகே குனிந்து, "கதவத் தொறக்குறாங்க மாமா," என்றாள்.