பதினோராம் கட்டத்தில் இரட்டை விளக்கு

என் அக்கா லூர்திங்கின் கணவர் டெர்யோவுக்கு ஐம்பது தாண்டியதும் வெள்ளெழுத்து வந்துவிட்டது. அதை ஊரே அறிந்த பிறகும் அவர் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. வேறு யாருக்காவது வந்திருந்தால் செய்தித்தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துச் சமாளித்திருப்பார்கள். எங்கள் ஊரில் அண்ணன் முறைக்கு மனோங், அக்கா முறைக்கு மனாங். மனோங் டெர்யோ எங்கள் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவர். கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு எவ்வளவு தூரம் தள்ளிப் பிடிக்க முடியும்?

இலோய்லோ வட்டாரத்தில் கல்யாணம், திருவிழா, பள்ளி ஆண்டு விழா என்று எங்கள் 'ஸ்வீட் மாங்கோஸ்' குழு வாசிக்காத மேடை குறைவு. அக்கா பாடுவாள். நான் கீபோர்டு. ரோமல் டிரம்ஸ். ஓட்டோனில் நடந்த ஒரு கல்யாணத்தில்தான் விவகாரம் வெளியே வந்தது. மணப்பெண் அப்பாவோடு ஆடும் பாட்டு. அது பேஸ் மட்டும் தனியாக ஆரம்பிக்கும் பாட்டு. யாரோ புகை இயந்திரத்தைத் திறந்துவிட்டிருந்தார்கள். மேடையில் ஊதா வெளிச்சம் வேறு. கிட்டார் கழுத்தின் ஓரத்தில், எந்தக் கட்டத்தில் விரல் வைக்க வேண்டும் என்று காட்டும் சின்னச் சின்னப் புள்ளிகள் இருக்கும். அவை மனோங்கின் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு கட்டம் தள்ளி ஆரம்பித்துவிட்டார். அக்கா புருஷன் பக்கம் சாய்ந்து அவர் சுருதியிலேயே பாடினாள். நான் எப்போதும் வாசிக்கும் சுருதியில் வாசித்தேன். மணப்பெண்ணின் அப்பா நடனத்தை நிறுத்திவிட்டுத் தன் ஷூவைப் பார்த்தார், எதையாவது மிதித்துவிட்டோமோ என்று. ரோமலுக்கு மட்டும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. டிரம்ஸ்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

மறுநாளே அக்கா சந்தையிலிருந்து ஒரு மூக்குக்கண்ணாடி வாங்கி வந்தாள். அவர் அதைப் போட்டுக்கொண்டு நிலைக்கண்ணாடி முன்னால் நின்றார். கழுத்தில் கிட்டார், மூக்கில் கண்ணாடி. மாதா கோயிலில் அறிவிப்பு வாசிக்கப் போகிறவன் மாதிரி இருக்கிறேன் என்றார். அதோடு, விரல் தெளிவாகத் தெரிந்தால் எதிரில் இருக்கும் ஆள் மங்கலாகிவிடுகிறார். எந்தப் பாட்டுக்கு யார் கையைத் தூக்குகிறார்கள் என்றே தெரியவில்லை என்றார். இரண்டாவது காரணம் நியாயமானது. ஆனால் அக்கா முதலாவதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டாள். அந்தக் கண்ணாடி எங்கள் அம்மாவுக்குப் போய்விட்டது. அக்கா புருஷனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். பாட்டு ஒத்திகையில்கூட, "அவர்கிட்ட சொல்லு, அடுத்தது ஸ்லோ பாட்டு" என்று என் வழியாகத்தான் செய்தி போகும். அவர் மூன்றடி தள்ளி நிற்பார்.

இந்த நிலையில்தான் ஒருநாள் மோலோவிலிருந்து ஜீப்னி என்கிற சின்னப் பயணிகள் வண்டியில் வந்துகொண்டிருந்த மனோங், வண்டியின் ஜன்னல் சட்டத்தைச் சுற்றி எரிந்த பச்சை எல்.இ.டி. விளக்குகளைப் பார்த்தார். கண்ணாடி இல்லாமலே ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாகத் தெரிந்தது. டிரைவரிடம் இதை யார் போட்டது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, தன் நிறுத்தம் வருவதற்கு முன்பே இறங்கிவிட்டார்.

போட்டவன் பெயர் டோடிங். ஜீப்னிகளுக்கு விளக்கு அலங்காரம் செய்வதில் அவனுக்குப் பெரிய பெயர். அவன் கை வைத்த வண்டி எதிரே வந்தால் திருவிழாத் தேரே வருகிறதென்று கிழவிகள் சிலுவை போட்டுக்கொள்வார்கள். கிட்டார் என்றால் அவனுக்கு எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்று தெரியாது. ஆனால் முடியாது என்று சொல்லும் வழக்கம் அவனிடம் கிடையாது. அக்கா என்னையும் கூடப் போகச் சொன்னாள். மனோங்குக்குத் துணையாகவா, கிட்டாருக்குத் துணையாகவா என்று அவள் சொல்லவில்லை.

டோடிங் கேட்ட முதல் கேள்வி: "ஒரே கலரா மனோங், இல்ல மாறி மாறி வரணுமா?"

"ஒரே கலர் போதும்ப்பா. நீலம். ஏற்கெனவே புள்ளி இருக்கே, அந்தந்த எடத்துல ஒண்ணொண்ணு. பன்னெண்டாவதுல மட்டும் ரெண்டு. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? ஹாரன் ஏதும் வேணாமா?"

அவன் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகத்தான் கேட்டான்.

நான்கு திருகாணிகளைக் கழற்றியதும் கழுத்து உடம்பிலிருந்து தனியாக வந்துவிட்டது. அதற்கே மனோங்கின் முகம் வெளுத்தது. கழுத்தின் மேல் ஒட்டியிருக்கும் பலகையைப் பிரித்தால்தான் உள்ளே ஒயர் ஓட்ட முடியும். டோடிங் தன் மனைவியின் இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவந்து பலகையின் மேல் வைத்துச் சூடேற்றினான். பசை இளகியதும் மெல்லிய கத்தியை விட்டு அங்குலம் அங்குலமாக நெம்பினான். மரம் 'க்ரிக்' என்றது. மனோங் எழுந்து வெளியே போய், பிள்ளைக்கு ஊசி போடும்போது அப்பன் நிற்பதுபோல முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். உள்ளே டோடிங்கின் மனைவி வந்து அது தன் இஸ்திரிப் பெட்டிதானா என்று கேட்டாள். இல்லை என்றான்.

அதற்கு மேல் எங்களை இருக்க விடவில்லை. ஒயர் போகக் குறுகிய பள்ளம் வெட்ட வேண்டும், ஓரத்தில் துளை போட வேண்டும், விளக்கு பதித்துப் பசை காய வேண்டும்; பார்த்துக்கொண்டு நின்றால் கை ஓடாது, போய் வாருங்கள் என்று அனுப்பிவிட்டான்.

சான் ரோகே திருவிழா அன்று சாயங்காலம்தான் கிட்டார் கைக்கு வந்தது. மேடையில் நாங்கள் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தபோது டோடிங் அதைச் சட்டைத் துணியில் சுற்றிக் குழந்தையைப்போலத் தூக்கி வந்தான். சின்ன சுவிட்சைத் தட்டினான். கழுத்தின் ஓரம் முழுக்க நீலப் புள்ளிகள் வரிசையாக எரிந்தன. கடலுக்குப் பின்னால் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்த நேரம். அழகென்றால் அப்படி ஓர் அழகு. சுவிட்சை இன்னொரு முறை தட்டினால் விளக்கு ஒன்றன்பின் ஒன்றாக ஓடும், இது தன் அன்பளிப்பு என்றான்.

"அழகாத்தான் இருக்கு," என்றாள் அக்கா. அந்தக் கண்ணாடி விவகாரத்துக்குப் பிறகு அவள் மனோங்கைப் பார்த்து நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது. அவர் ஒரு சாண் உயர்ந்துவிட்டார்.

முதல் சில பாட்டுகள் தேன் மாதிரி போயின. எல்லாம் கழுத்தின் கீழ்ப்பக்கக் கட்டங்களில் வாசிக்கும் பாட்டுகள். மனோங் குனியவே இல்லை. நிமிர்ந்து நின்று கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தபடி வாசித்தார். டோடிங் முதல் வரிசையில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் கிட்டாரைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தான்.

பிறகு ராணி ஊர்வலம். அந்த வருடத் திருவிழா ராணி ஜெஸ்ரீல், ஊர்த் தலைவரான காப்பித்தான் நார்சிசோவின் மகள். பின்னால் நீண்டு கிடக்கும் வெள்ளை கவுனோடு மேடைக்கு மேலே கட்டியிருந்த உயரமான பீடத்தில் ஏறி நின்றாள். கிரீடம் தலையில் அமரும் நொடியில் எங்கள் இசை நிற்கும். மனோங் மட்டும் விரலைக் கீழிருந்து வழுக்கிக்கொண்டு போய் பன்னிரண்டாம் கட்டத்தில் ஓங்கி முடிப்பார். அவருக்குப் பிடித்த இடம் அது.

கிரீடம் அமர்ந்தது. விரல் வழுக்கிக்கொண்டு போய் இரட்டை விளக்கில் நின்றது. அரைச் சுரம் கீழே, கன்றுக்குட்டி கதவில் மாட்டிக்கொண்டதுபோல ஒரு சத்தம். மனோங் குனிந்து பார்த்தார். விரல் இரட்டை விளக்கில்தான் இருந்தது. காது தப்பென்றது, கண் சரியென்றது. அவர் கண்ணை நம்பினார். அதே இடத்தில் இன்னும் பலமாக ஒருமுறை அடித்தார். ராணி திரும்பிப் பார்த்தாள். முதல் வரிசையிலிருந்து டோடிங் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

காப்பித்தான் பேச மைக்கைப் பிடித்ததும் அக்கா மேடை ஓரத்துக்கு வந்து டோடிங்கை விரலால் அழைத்தாள். நான் கிட்டார் கழுத்தில் கட்டங்களை எண்ணினேன். இரட்டை விளக்கு பதினொன்றில் இருந்தது.

"டோடிங், பன்னெண்டாவதுன்னு சொன்னாரா இல்லையா?" என்றாள் அக்கா.

"சொன்னாரு மனாங். ஆனா நீங்களே பாருங்க. மூணு, அஞ்சு, ஏழு, ஒம்போது. ஒண்ணு விட்டு ஒண்ணு எவ்வளவு லட்சணமா வருது. அப்புறம் திடுதிப்புனு பன்னெண்டு. நடுவுல பல்லு விழுந்த மாதிரி ஓட்டை. கிட்டார் செஞ்சவன் அங்க கோட்டை விட்டுட்டான் போலன்னு நான்தான் சரி பண்ணிவிட்டேன்."

"சரி பண்ணினியா?"

"பதினொண்ணு, பதிமூணு, பதினஞ்சுன்னு கடைசி வரைக்கும் ஒரே சீரா வெச்சிருக்கேன். தூரத்துலேருந்து பாருங்க மனாங், சும்மா ஜொலிக்குது."

மனோங் கிட்டாரின் வால்பக்கத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அதைக் கழற்றி டோடிங்கின் தலையில் போடலாமா என்று யோசித்திருப்பார். அந்த நேரத்தில்தான் கரண்ட் போனது.

போனால் போனதுதான். மைக், மேடை விளக்கு, தெரு விளக்கு, எதிர் வரிசைக் கடைகள் எல்லாம் ஒரே இருட்டு. ஜெனரேட்டருக்கு எண்ணெய் ஊற்ற வேண்டியவர் யார் என்று இருட்டில் இரண்டு பேர் சண்டை போடும் குரல் கேட்டது. செல்போனில் டார்ச் வராத காலம். கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் மனோங்கின் கையிலிருந்த நீல விளக்குகள் மட்டும்தான். பதற்றத்தில் அவர் கை சுவிட்சில் பட்டுவிட, விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓட ஆரம்பித்தன. கூட்டம் முழுக்கச் சிரித்தது.

பீடத்தின் உச்சியிலிருந்து மெல்லிய விசும்பல் கேட்டது. ஜெஸ்ரீல். அத்தனை உயரத்தில், குதிகால் செருப்போடு, கவுனின் வால் எங்கே கிடக்கிறதென்று தெரியாமல், இருட்டில் தனியாக நின்றுகொண்டிருந்தாள். காப்பித்தான் மகளைப் பார்த்து அசையாதே, அசையாதே என்று கத்திக்கொண்டே தானும் தடவித் தடவி வந்து எங்கேயோ இடித்துக்கொண்டார்.

"டெர்யோ," என்றாள் அக்கா. "போய் அந்தப் புள்ளய எறக்கிக் கூட்டிட்டு வா."

அவர் போனார். கிட்டார் கழுத்தைக் கீழே சாய்த்து, படியின் விளிம்பு தெரிகிற மாதிரிப் பிடித்தார். ஓடும் விளக்கு மேலிருந்து கீழே ஓடியது. வழி காட்டுவதற்கென்றே செய்தது போல. ஜெஸ்ரீல் ஒரு காலை எடுத்து நீலத்தில் வைத்தாள். ரோமல் மெதுவாக டிரம்ஸில் ஊர்வலத் தாளம் போட ஆரம்பித்தான். அக்கா மைக் இல்லாமலே பாடினாள்; அவள் குரலுக்கு மைக் ஒரு சம்பிரதாயம்தான். எங்கள் எல்லோரையும்விட டோடிங்கின் குரல்தான் பலமாகக் கேட்டது: "பயப்படாம எறங்கும்மா, பேட்டரி புதுசு!"

கடைசிப் படியில் மகளை வாங்கக் கையை நீட்டிய காப்பித்தானின் வயிற்றில் கிட்டாரின் முனை சரியாகக் குத்தியது. அவர் வலியில் மூச்சை இழுத்ததை ஊர் ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டு கைதட்டியது. தகப்பனும் மகளும் அங்கேயே, அந்த வெளிச்சத்திலேயே ஒரு சுற்று ஆடினார்கள். மனோங் அவர்களைச் சுற்றிச் சுற்றி வந்து வெளிச்சம் காட்டினார். அந்த ஆட்டம் முழுக்க அவர் ஒரு சுரமும் வாசிக்கவில்லை. எங்கள் குழுவின் சரித்திரத்தில் அந்த அளவுக்குக் கைதட்டல் வேறெதற்கும் கிடைத்ததில்லை.

கரண்ட் வந்ததும் காப்பித்தான் வீட்டிலிருந்து லெச்சோன் வந்தது, முழுதாகச் சுட்ட பன்றியில் நல்ல பாதி. மேடைக்குப் பின்னால் பலகை போட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். டோடிங்கும் வந்து உட்கார்ந்தான். அவனைத் துரத்த யாருக்கும் மனம் வரவில்லை. மறுவாரம் பலகையைத் திரும்பப் பிரித்து விளக்குகளை உரிய இடத்தில் வைத்துத் தருகிறேன் என்றான். அதற்கு இஸ்திரிப் பெட்டி எங்கள் வீட்டிலிருந்துதான் வர வேண்டுமாம். ரோமலின் டிரம்ஸைச் சுற்றி மஞ்சள் விளக்கு போட்டால் எப்படி இருக்கும் என்றும் கேட்டான். ரோமல் யோசிக்க ஆரம்பித்துவிட்டான்.

மனோங் தட்டோடு அக்கா பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு அக்காவிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அந்தக் கடைசி சுரம்… எல்லாருக்கும் கேட்டிருக்கும் இல்ல?"

"கேட்டுச்சு."

"ரொம்பவா?"

"மொத தடவ சில பேருக்குக் கேட்டிருக்காது. அதுக்குத்தான் நீ ரெண்டாவது தடவ அடிச்சியே."

முதலில் அவள் உதட்டை இறுக்கிக்கொண்டுதான் இருந்தாள். அப்புறம் தோள் குலுங்கியது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. கையில் எடுத்த சோறு தட்டிலேயே உதிர்ந்தது. மனோங்கும் சிரித்தார். எதற்கென்று தெரியாமல் டோடிங்கும் சேர்ந்து சிரித்தான். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் பங்கிலிருந்த மொறுமொறுப்பான தோலை ஒடித்து, பெரிய துண்டாகப் பார்த்து, அவர் தட்டில் வைத்தாள்.