மாடிப்படியில் ஆல்ப்ஸ் மலை

எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த தையல்காரிக்கு மேசை தூக்க அவள் கணவரும் அக்காள் கணவரும் சேர்ந்து வந்தார்கள். யாராவது ஒருவர் வந்திருந்தால் பிழைத்திருப்பாள்.

கணவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். அக்காள் கணவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. சகலைகளுக்குள் சொத்துத் தகராறு கிடையாது, குடி கிடையாது. பழைய தளபதிகள்தான் வியாதி. மருந்துக்கடைக்கு ஹானிபல், கண்ணாடிக்கடைக்கு நெப்போலியன். எந்த வீட்டில் கூடினாலும் செருப்பைக் கழற்றுவதற்குள் போர் மூண்டுவிடும்.

அன்று சாயங்காலம் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை வருவதாக இருந்தது. பள்ளி முழுவதற்கும் சீருடை. போன வருடம் தைத்தவர் துணியைத் தரையில் போட்டு வெட்டியதில் பிள்ளைகளுக்கு இடக்கை ஒரு நீளம், வலக்கை ஒரு நீளம். இந்தமுறை வெட்டுகிற மேசையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஆர்டர் என்று அந்த அம்மாள் கறாராகச் சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் அடுத்த தெருக்காரருக்குப் போய்விடும்.

மேசையோ, நாலு பேர் படுத்துப் புரளலாம்.

"காலைக் கழட்டிட்டுத் தூக்குங்களேன். ஸ்க்ரூதானே!" என்றாள் தையல்காரி.

"கரெக்ட்டும்மா. நெப்போலியனே பீரங்கியைக் கழட்டித்தான் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டினாரு" என்றார் கண்ணாடிக்கடை.

அதோடு காரியம் கெட்டது.

"அப்ப நான் கழட்டவே மாட்டேன்" என்றார் மருந்துக்கடை. "ஹானிபல் என்ன, யானைக் காலைக் கழட்டியா அதே மலையில ஏத்தினாரு?"

மருந்துக்கடை மேலே, கண்ணாடிக்கடை கீழே. முதல் மாடித் திருப்பம் வரைக்கும் வந்துவிட்டார்கள். அங்கேதான் என் வாசல். கதவை முழுக்கத் திறந்து வைத்திருந்தேன், காற்றுக்காக.

"சுத்தி வளைங்க அண்ணே! ஹானிபல் அப்படித்தான் ஜெயிச்சாரு!"

"நடுவுல ஓங்கி ஒரு இடி, சகலை! நெப்போலியன்னா அதுதான்!"

ஒருவர் வளைக்க, ஒருவர் இடிக்க, என் சுவருக்கும் கைப்பிடிக் கம்பிக்கும் நடுவே மேசை நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றது. மேலேயும் போகாது, கீழேயும் வராது. சுவரில் ஒரு முழத்துக்குச் சுண்ணாம்பு பெயர்ந்தது.

"உங்க ஆளு ஏத்தின யானையில எத்தனை மிஞ்சிச்சு?"

"ரஷ்யப் பனியில படையைத் தொலைச்சிட்டு வந்தவரைப் பத்தி நான் ஏதாவது பேசினேனா அண்ணே?"

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "செங்கிஸ்கான் எப்படி?" என்று கேட்டு வைத்தேன்.

"அவரு குதிரையில போனாரு அக்கா, மேசை தூக்கலை!" இருவரும் ஒரே குரலில் பாய்ந்தார்கள். அன்று அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

அப்போதுதான் கீழே செருப்புச் சத்தம். தலைமையாசிரியை கைப்பையை அணைத்துக்கொண்டு ஏறி வந்து, கடைசிப் படிகளில் நின்றார். மேசை விளிம்பு அவர் கண்ணுக்கு நேராக இருந்தது.

மேலேயிருந்து இறங்கிய தையல்காரிக்கு முகம் செத்துப் போயிற்று. கணவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு ஹானிபலே யானையைத் திருப்பியிருப்பார். விறுவிறுவென்று மேலே போனவள் துணி, சாக்குக்கட்டி, கத்தரிக்கோலோடு திரும்பி வந்தாள்.

"ஏங்க, அந்த முனையைப் பிடிங்க. மாமா, நீங்க இந்த முனை. மேடம், மேசை மேல போயிட்டிருக்கு. வேலை எதுக்கு நிக்கணும்? ஜன்னல் வெளிச்சம் வேற நல்லா விழுது."

மடித்துப் போட்டாள், கோடு இழுத்தாள், வெட்டினாள். இரண்டு சட்டைக்கைத் துண்டுகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துத் தள்ளினாள். தலைமையாசிரியை படியில் நின்றபடியே ஒரு கண்ணை மூடி ஓரம் பார்த்தார்.

"நூல் பிசகலையே! திங்கக்கிழமை துணி அனுப்பறேன்" என்று இறங்கிப் போனார்.

செருப்புச் சத்தம் ஓயவில்லை, மருந்துக்கடை ஆரம்பித்தார்: "எதிர்பார்க்காத இடத்துல களம் அமைச்சா பாருங்க அண்ணே, அது ஹானிபல்!"

"கிடைச்ச நேரத்துல டக்குனு அடிச்சாளே, அது நெப்போலியன்!"

தையல்காரி ஆளுக்கொரு திருப்புளியை நீட்டினாள். "ஆளுக்கு ரெண்டு கால். கழட்டிட்டுப் பேசுங்க."

குந்தி உட்கார்ந்து கழற்றினார்கள். யார் முதலில் முடிப்பது என்று அதிலும் போட்டி.

"அதெல்லாம் இருக்கட்டும், என் சுவருக்கு யார் சுண்ணாம்பு அடிக்கறது?" என்று கேட்டேன்.

இரண்டு தளபதிகளும் திருப்புளியால் ஒருவரை ஒருவர் காட்டினார்கள்.