கரும்புள்ளி விழுந்த கண்ணாடிப் பந்து

போட்டி முடியும் நேரம் நெருங்கிவிட்டது. திரையில் கண்ணாடிப் பந்து, அம்மை வார்த்த முகம்போல் கரும்புள்ளிகளோடு நின்றது.

ஒளிக்கதிர் ஒவ்வொன்றும் எதில் பட்டு எங்கே தெறிக்கிறது என்று கணக்கிட்டுப் படம் வரையும் கணினி நிரலைப் போட்டியில் எழுத வேண்டும். வாண்டுவின் அணியில் மூன்றே பேர்: அவள், அவளுடைய அண்ணன், ஒட்டகம் என்று எல்லோரும் கூப்பிடும் அண்ணனின் தோழன். நிழல் கணக்கு ஒட்டகத்தின் வேலை.

"காலையில நல்லா வந்துச்சே. எவன்டா என் புரோகிராம்ல கை வெச்சது?" என்றான் ஒட்டகம்.

"நான்தான். ஆமை வேகத்துல ஓடுச்சு, ரெண்டு வரியைத் தூக்கிட்டேன்" என்றான் அண்ணன்.

"கேட்டுட்டுத் தூக்கக் கூடாதா? மண்டைக்குள்ள என்ன களிமண்ணா இருக்கு?"

தூக்கிய வரிகளை வாண்டு கண்டுபிடித்து, திரும்பச் சேர்த்து, நிரலை ஓடவிட்டாள். "ஆச்சு, விடுங்க" என்று அவள் சொல்லி வாய் மூடவில்லை, அண்ணன் ஒட்டகத்தைப் பளார் என்று அறைந்தான்.

ஒட்டகம் சாதுதான். ஆனால் அறை வாங்கியதும், அண்ணனின் பிடரியைப் பிடித்து மேசை விளிம்பில் மோதினான். முன்பல் தெறித்தது. விசைப்பலகையெல்லாம் ரத்தம். வாண்டு குறுக்கே பாய்ந்தாள். யாருடைய முழங்கையோ அவள் மூக்கை உடைத்தது. அதற்குள் அண்ணன் இரும்புத் தண்ணீர்க் குடுவையை எடுத்து, ஒட்டகத்தின் காதோடு சேர்த்து ஓங்கி அடித்தான். ஒட்டகம் வெட்டிய மரமாய்ச் சாய்ந்தான். விழுந்தவனின் விலாவை அண்ணன் விடாமல் உதைத்தான்.

"செத்துருவான்டா, நிறுத்து!" என்று வாண்டு கத்தினாள்.

அண்ணன் காதில் ஏறவில்லை. வாண்டு நாற்காலியைத் தூக்கி அவன் முழங்காலில் வீசினாள். அலறிக்கொண்டு விழுந்தான். காவலாளிகள் வந்து அவனை அமுக்கினார்கள். யாரும் பார்க்காத திரையில் பந்து மாசு மறுவின்றி வந்துகொண்டிருந்தது.

அணியை நீக்கினார்கள். ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் கேட்டார்: "முதல்ல கை நீட்டினது யாரு?"

சேதி கேட்டு ஓடி வந்திருந்த அம்மா அவள் கையைக் கிள்ளினாள். வாண்டு கையை உருவிக்கொண்டாள்.

"எங்கண்ணன். கீழ விழுந்தப்புறமும் உதைச்சான்."

அவர் போனதும் அம்மா பொரிந்தாள். "கூடப் பொறந்தவனையே காட்டிக் குடுத்துட்டியேடி. நீயெல்லாம் ஒரு தங்கச்சியா?"

"ஒட்டகத்துக்கு ஒரு காது போச்சும்மா. அவங்க அம்மா உள்ளதான் உக்காந்திருக்காங்க. வா, ரெண்டு பேருமாப் போய்ப் பாப்போம்."

அம்மா அசையவில்லை. வாண்டு மூக்குக் கட்டைச் சரிசெய்துகொண்டு தனியாக உள்ளே போனாள்.