மூடிய கடலில் ஒரு வலை

1

"கடலைச் சாமி பூட்டிட்டார்னா, ஆமை மூச்சு விட எப்படி மேல வரும்?"

மில்கா இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. போதகர் கடலை மூடும் ஜெபத்தை முடித்து 'ஆமென்' சொல்ல வாயெடுத்த நேரம். சபை முழுவதும் சிரித்தது. போதகரும் சிரித்துவிட்டார். அன்றைக்கு அந்த 'ஆமென்' சிரிப்போடுதான் வந்தது.

இந்தக் கதை அந்தக் கேள்வியில் பிறந்தது என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். எழுத உட்கார்ந்த பிறகு அது சரியில்லை என்று தெரிந்தது. சிரிக்காத ஒருத்தியிடம்தான் இது பிறந்தது. எனக்கு முன் வரிசையில் ஓர்பா உட்கார்ந்திருந்தாள். கடல் காப்புத் தொண்டு நிறுவனத்தின் நீலச் சட்டை, இன்னும் மடிப்புக் கலையாமல். பயிற்சிக்குச் சேர்ந்து அது முதல் ஞாயிறு. அவள் திரும்பி, குழந்தையின் காதருகே குனிந்து சொன்னாள்:

"ஆமைக்குப் பூட்டு கிடையாதுடா தங்கம். அது மேல வரும். நான் பாத்துக்கறேன்."

குழந்தைகளிடம் இப்படி எத்தனையோ சொல்கிறோம். ஓர்பா அதை வாக்கு என்று எடுத்துக்கொண்டாள். கதையில் அதற்குப் பின் நடப்பதெல்லாம் அதனால் நடப்பதுதான்.

2

தொடக்கங்கள்:

'ஓர்பா கடலை நேசித்தாள்.' அடித்துவிட்டேன். எங்கள் தீவில் யாரும் கடலை நேசிப்பதாகச் சொல்வதில்லை. அடுப்பங்கரையை நேசிக்கிறேன் என்று யாராவது சொல்வார்களா?

'காலைக் கதிரவன் பொன்னை உருக்கி'

இதை முடிக்கவே மனம் வரவில்லை. அப்படியே கிடக்கட்டும்.

'ஓர்பாவுக்கு முதல் மாதம் கற்றுக்கொடுத்தது முடிச்சுப் போட.' இது நிற்கும்.

உண்மையிலேயே அதுதான் கற்றுக்கொடுத்தார்கள். கடல் அட்டையை எண்ணுவதும், தண்ணீருக்கடியில் பலகையில் எழுதுவதும் பிறகுதான். முதலில் கயிறு. மூடிய கடலின் எல்லையில் மஞ்சள் மிதவைகள் நிற்கும். ஒவ்வொரு மிதவைக்கும் கீழே கயிறு, கயிற்றின் நுனியில் கல். எல்லைக்கு உள்ளே, கடலைத் திறக்கும் ஜெபம் வரும்வரை, யாரும் எதையும் பிடிக்கக் கூடாது. இதைச் சாசி என்போம். கடலை மூடுவது சபை. திறப்பதும் சபை. காவலுக்குத் துணை நிற்பது மட்டும்தான் நிறுவனத்தின் வேலை.

கிழக்கு மூலை மிதவையை ஓர்பா தனியாகவே கட்டினாள். சோரோங் நகர அலுவலகத்திலிருந்து வந்திருந்த மேலாளர் தேல்மா முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, "பரவால்லையே, கல்யாணத்துக்குக்கூட இவ்ளோ இறுக்கமா முடிச்சுப் போட மாட்டாங்க" என்றாள்.

(வாசகர் இந்த மூலை மிதவையை மறக்க வேண்டாம். வேறொரு எழுத்தாளராக இருந்தால் இதை ஒளித்துவைத்திருப்பார். எனக்கு உங்களை ஏமாற்ற விருப்பமில்லை.)

3

செப்தினுஸ் விஷயத்தில் நான் பெரிய தவறு செய்தேன். முதல் வரைவில் அவரைக் கெட்டவராக எழுதினேன். குடிக்கவைத்தேன். மனைவியிடம் கத்தவைத்தேன். திருட்டு வலை போடுகிறவர் அப்படித்தானே இருக்க வேண்டும் என்று. இரண்டு பக்கம் எழுதிய பிறகு படித்துப் பார்த்தேன். அந்த ஆளை எனக்குத் தெரியவே இல்லை. எனக்குத் தெரிந்த செப்தினுஸ் படகுத்துறையில் பாக்கு மென்றுகொண்டு போகிறவர் வருகிறவரையெல்லாம் வம்புக்கு இழுப்பவர். ஓர்பாவுக்குச் சித்தப்பா முறை.

"என்ன ஓர்பா, மீனுக்கெல்லாம் பேர் வெச்சு முடிச்சிட்டியா?"

"இன்னும் பாதி இருக்கு சித்தப்பா."

"உனக்குச் சம்பளம் ஆபீஸ் குடுக்குதா, மீனு குடுக்குதா?"

"மீனுதான். நீங்க மிச்சம் வெச்சா."

"பாத்தியா, நீலச் சட்டை போட்டதும் வாய் நீண்டிருச்சு!" என்று சிவந்த வாயால் சிரிப்பார்.

அவருடைய வலையை எங்கேயும் அடையாளம் சொல்லிவிடலாம். பிய்ந்த ரப்பர் செருப்புகளை வட்டமாக வெட்டி மிதப்புக் கட்டியிருப்பார். பச்சையும் சிவப்புமாக, வேறு யாரிடமும் இல்லாத வலை. அந்த ஒரு வலைதான் அவரிடம் இருந்தது.

4

கடல் திறக்கச் சில வாரங்களே இருந்தபோது அது நடந்தது. காலை ரோந்து. படகில் தேல்மாவும் ஓர்பாவும் மட்டும். கிழக்கு மூலையில் மிதவைக்கு உள்பக்கமாக ஒரு வலை. வலையில் ஆமை.

உயிர் இருந்தது. ஒரு துடுப்பு மட்டும் அசைந்தது. தலை தண்ணீருக்குக் கீழே.

"இரு, வலையோட சேத்து மெதுவா இழுக்கலாம்," என்றாள் தேல்மா. "அடுத்தவங்க வலை. அறுத்துட்டா—"

ஓர்பா ஏற்கெனவே தண்ணீரில் இருந்தாள். கத்தி பட்ட இடமெல்லாம் அறுத்தாள். ஒரு கதவு அளவுக்கு ஓட்டை விழுந்தது. ஆமை மேலே வந்தது. அது மூச்சு விட்ட சத்தத்தைப் பற்றி நான்கு வாக்கியங்கள் எழுதி நான்கையும் எடுத்துவிட்டேன். வேலை முடிந்து வந்து உட்காருகிற வயதானவரின் பெருமூச்சு போல இருந்தது. அவ்வளவுதான்.

வலை சபை மூப்பர்களிடம் போனது. செருப்பு மிதப்பைப் பார்த்ததும் எல்லோரும் செப்தினுஸைப் பார்த்தார்கள்.

"வலை என்னுதுதான்," என்றார் அவர். "ஆனா நான் வெளியதான் போட்டேன்."

"உள்ள இருந்துச்சே ஐயா."

"நான் வெளியதான் போட்டேன்."

இங்கே சாசியை மீறியவரை யாரும் அடிப்பதில்லை, திட்டுவதும் இல்லை. கடல் திறக்கும் நாளில் அவர் கடலில் இறங்கக் கூடாது. அதுவரை ஆலயத்தில் கடைசி வரிசை. அடுத்த ஞாயிறு செப்தினுஸ் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. படகுத்துறையில் வம்புப் பேச்சு நின்றது.

ஓர்பாவை எல்லோரும் பாராட்டினார்கள். பயிற்சி முடிந்ததும் அவளுக்கு வேலை நிச்சயம் என்று தேல்மா சொல்லிவிட்டாள். மில்கா வந்து, "ஆமையை நீங்கதான் தூக்கி விட்டீங்களாக்கா?" என்று கேட்டு அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

5

பிறகு ஒருநாள் தண்ணீர் நன்றாக வற்றியிருந்தது. கிழக்கு மூலைக்குப் போன ஓர்பா, கடற்புல் நடுவே ஒரு கோட்டைக் கண்டாள். யாரோ கலப்பை ஓட்டியது போன்ற கோடு. அதன் ஒரு முனையில் கல் இருந்து எடுத்தது போன்ற பள்ளம். கோட்டின் வழியே நீந்திப் போனாள். வெகுதூரம் தள்ளி, ஒரு பாறை விளிம்பில் சிக்கி நின்றது அவள் கட்டிய கல்.

அவள் மிதவையைக் கட்டியது வற்று நேரத்தில். அன்றைய தண்ணீருக்குச் சரியாகக் கயிறு விட்டாள், தண்ணீர் ஏறும் பெருக்குக்கு விடவில்லை. செப்தினுஸ் வலை போட்ட இரவு வந்த, அந்த வருடத்தின் மிகப் பெரிய பௌர்ணமிப் பெருக்கில் மிதவை கல்லையே தூக்கிக்கொண்டு, நீரோட்டத்தோடு வெளியே நடந்திருக்கிறது. முடிச்சு இறுக்கம்தான். கயிறுதான் போதவில்லை.

செப்தினுஸ் வெளியேதான் வலை போட்டிருந்தார். எல்லைதான் அவர் மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது.

இந்த இடத்தில் இரண்டு முடிவுகள் எழுதினேன்.

முதலாவது: ஓர்பா கல்லைப் பழைய இடத்துக்கு இழுத்து வைக்கிறாள். அடுத்த பெருக்கில் கோடு அழிகிறது. யாருக்கும் தெரியாது. [இதை எழுதியபோது காகிதம் ஒரு தடையும் சொல்லவில்லை. நான்தான் அன்றிரவு ஜெபத்துக்கு உட்கார முடியாமல் தவித்தேன்.]

இரண்டாவது: அவள் சொல்கிறாள்.

"சொன்னா வேலை போயிடலாம், ஓர்பா," என்றாள் தேல்மா.

"தெரியும்க்கா."

"முடிச்சை நானும் இழுத்துப் பாத்தேன். கயிறை நானும் பாக்கலை." தேல்மா ஓர்பா பக்கம் திரும்பினாள். "செப்தினுஸ் கிட்ட சொன்னியா?"

"இல்லக்கா. முதல்ல உங்க கிட்ட."

"ஏன்டி? கடைசி வரிசையில நானா உக்காந்திருக்கேன்?"

ஓர்பா அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். ஞாயிறன்று சபைமுன் நின்றும் சொன்னாள். அவள் பேசி முடித்ததும் தேல்மாவும் எழுந்து பக்கத்தில் நின்றாள். பெண்கள் அழுதார்கள். போதகர் இறங்கிவந்து, கடைசி வரிசைவரை நடந்துபோய், செப்தினுஸின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார்.

"பின்னாடி காத்து நல்லா வந்துச்சு போதகரே," என்றார் செப்தினுஸ். "இனிமே முன்னாடி வந்து வேர்க்கணுமா?"

சபை சிரித்தது. மில்கா கேள்வி கேட்ட நாளுக்குப் பிறகு அப்படிச் சிரித்தது அன்றுதான். ஓர்பாவின் வேலையும் போகவில்லை. இப்படி ஒரு பெண் நமக்குக் கிடைக்க வேண்டுமே என்று நிறுவனத்தில் பேசிக்கொண்டார்களாம்.

6

இங்கே முடித்துவிட்டேன். நண்பர் ஒருவரிடம் படிக்கவும் கொடுத்தேன். நன்றாயிருக்கிறது என்றார். எனக்குத்தான் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. மறுபடி படித்தபோது கண்டுபிடித்தேன்.

இந்த முடிவில் எல்லோருக்கும் ஏதோ கிடைக்கிறது. ஓர்பாவுக்கு முன்னைவிடப் பெரிய பாராட்டு கிடைக்கிறது. செப்தினுஸுக்கு அவருடைய பேர் திரும்பக் கிடைக்கிறது. ஆனால் வலையில் அந்த ஓட்டை அப்படியே இருக்கிறது.

ஓர்பா அதை என்னைவிடச் சீக்கிரமே கவனித்திருக்கிறாள். ஓட்டை வலை அவர் வீட்டின் பக்கவாட்டில், மரக்கம்பத்தில் தொங்கியது. தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போன மனிதரை வழிமறித்தாள்.

"சித்தப்பா, வலையை நான் தெச்சுத் தரேன். இல்லைன்னா புதுசு வாங்கித் தரேன்."

"எதுக்கு?"

"நான்தானே அறுத்தேன்."

"ஆமை கடிச்சதா நெனச்சுக்கறேன், போ."

"சித்தப்பா—"

"இந்தா பாரு. நீ ஊர் முன்னாடி நின்னுட்ட. அதுக்கு மேல உங்கிட்ட ஒரு முழம் நூல் வாங்குனாலும், சின்னப் பிள்ளைய இன்னும் விடமாட்டேங்குறானேன்னு என்னைப் பேசுவாங்க. இல்லன்னா உன்னை இன்னும் கொஞ்சம் தூக்கி வெச்சுப் பேசுவாங்க. ரெண்டும் எனக்கு வேணாம். நானே என்னைக்காவது தெச்சுக்கறேன்."

அவருடைய கண் இப்போது வலைக்கண்ணுக்குப் போதாது. அது இரண்டு பேருக்குமே தெரியும்.

*இந்த உரையாடலை நான் கேட்கவில்லை. ஆனால் இரண்டு பேரையும் எனக்குத் தெரியும். இதைத்தான் பேசியிருப்பார்கள்.

7

கடல் திறக்கும் ஞாயிறு வந்தது. ஊரில் நடக்கக்கூடிய கால்களெல்லாம் ஆலயத்தில் இருந்தன. கைக்குழந்தைகள், படுக்கையிலிருந்து தூக்கிவரப்பட்டவர்கள், எல்லோரும். ஜெபம் முடிந்ததும் முதலில் இறங்கப்போகிறவர்கள் முக்குளிக்கும் கண்ணாடியைக் கழுத்தில் மாட்டியபடியே பாடினார்கள். அவர்களுக்கு நடுவே, முன்வரிசையில், செப்தினுஸ் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஓர்பாவின் இடம் மட்டும் காலி.

ஒரு வருடம் முழுக்க அவள் காத்திருந்த நாள் இது. இந்தக் கடலைக் காத்ததில் அவள் பங்கு எல்லோரும் அறிந்தது. போதகர் ஜெபத்தில் அவள் பெயரைச் சொல்லி நன்றி சொன்னார். கேட்க அவள் அங்கே இல்லை.

முந்தின நாள் அவள் கடையில் நைலான் நூல் வாங்கியதை நான் பார்த்தேன். இதற்குமேல் எனக்கு எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் கூடாது. எழுதுகிறவனுக்கு இது சங்கடமான இடம். ஆலயத்தை விட்டு எழுந்துபோய் அந்தக் கம்பத்தருகே நின்று, கை எப்படி அசைகிறது, நூல் விரலை எப்படி அறுக்கிறது என்று விவரமாக எழுத எனக்கு உரிமை இருக்கிறது. ஆனால் அவள் ஒருமுறை எல்லோர் முன்னாலும் தன் கடனைச் சொல்லியாயிற்று. அதற்குக் கைமாறாக வேண்டாத பாராட்டெல்லாம் வந்து சேர்ந்தாயிற்று. மிச்சத்தை யாரும் பார்க்காமல் தீர்க்க விரும்புகிறாள். நான் பார்த்தால் ஒரு சாட்சி. நீங்கள் வாசித்தால் இன்னொன்று.

'ஓர்பா ஊசியில் நூலைக் கோத்து'

இல்லை.

பக்கத்தில் மில்கா என் சட்டையை இழுத்தாள். "ஓர்பா அக்கா ஏன் வரலை?"

"பாட்டைப் பாடு," என்றேன்.

அவள் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்க்கத் தலையைத் திருப்பினாள். அந்த ஜன்னல் வழியே செப்தினுஸின் வீடு தெரியும். நான் அவள் தலையில் கைவைத்து மெல்ல முன்பக்கம் திருப்பினேன். என் தலையையும் திருப்பிக்கொண்டேன்.

கடைசிப் பாட்டு நடக்கிறது. அது நீளமான பாட்டு. முடிந்ததும் எல்லோரும் எழுந்து வெளியே வந்துவிடுவார்கள். ஓட்டை ஒரு கதவு அளவு. வலைக்கண்கள் நிறைய இருக்கின்றன.

இங்கே நான் நிறுத்திக்கொள்கிறேன். இனி உங்கள் கையில்தான் இருக்கிறது. தயவுசெய்து பக்கத்தை உடனே மூடிவிடாதீர்கள். ஜன்னல் பக்கமும் பார்க்க வேண்டாம். அவள் கடைசி முடிச்சைப் போடும்வரை எங்களோடு சேர்ந்து கொஞ்சம் மெதுவாகப் பாடுங்கள்.