மூன்றாம் மாடி பெஞ்ச்

மாணவர் ஆலோசனை அறை எங்கே இருக்கிறது என்று இந்தப் பல்கலைக்கழகத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. நூலகத்தில் கேட்டால் மருத்துவ நிலையம் என்றார்கள். அங்கே போனால் விடுதி அலுவலகம் என்றார்கள். காலையிலிருந்து என்னைப் பந்தாடினார்கள். ஒழுங்காகத் தூங்கி மாதக்கணக்காகிறது. என் கோபத்துக்குக் கேட்கவா வேண்டும்!

கடைசியில் மூன்றாம் மாடியில், உடைந்த நாற்காலிகளைக் குவித்திருந்த நடையின் கோடியில் அதைக் கண்டுபிடித்தேன். வாசலில் இருந்த உதவியாளர் அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"வந்துட்டியாம்மா! அன்னிக்கு மேடம் லீவுன்னு சொன்னதும் ஒரு வார்த்தை பேசாம திரும்பிட்டியே. நாளைக்கு வான்னு பின்னாடியே கத்தினேன். உன் முகம் கண்ணுக்குள்ளயே நிக்குது."

நான் இங்கே வருவது இதுதான் முதல் தடவை.

அக்காவுக்கும் எனக்கும் அச்சு அசல் ஒரே முகம். அவளும் இங்கேதான் படித்தாள். போன வருஷம் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தவள் தன்னை மாய்த்துக்கொண்டாள். "யார்கிட்டயாவது வாயத் திறந்திருக்கக் கூடாதாடி?" என்று அம்மா இன்றும் அவள் படத்தைத் திட்டுகிறாள். நானும் திட்டியிருக்கிறேன்.

அக்கா இத்தனை பேரிடம் வழி கேட்டு, இத்தனை படி ஏறி, இந்தக் கதவு வரைக்கும் வந்திருக்கிறாள்.

"இன்னிக்கு மேடம் உள்ளதான் இருக்காங்க. உக்காரு, கூப்பிடுவாங்க. மறுபடியும் போயிடாதே."

"போகலம்மா" என்றேன்.

பெஞ்சில் பக்கத்தில் ஓராளுக்கு இடம் விட்டு உட்கார்ந்தேன்.